முப்பது என்றால் வராது

குடும்பஸ்தரை உங்களுக்குத் தெரியும். உத்தியோகஸ்தரையும் தெரியும்; அவர் இடத்தில் இல்லாத நேரத்திலும் அவருடைய கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டு, அவர் வேலையாக இருப்பதாகச் சாட்சி சொல்லும். கைப்பேசியில் வானிலை பார்க்கும் வசதி வந்த பிறகு, இந்த இரண்டு பேருக்கும் தம்பியாக மூன்றாவதாக ஒருவர் பிறந்திருக்கிறார். இதுவரை யாரும் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. நான் வைத்துவிட்டேன்: சதவீதஸ்தர்.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வெளியே கிளம்புகிற ஒருவர் வாசலில் நின்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தால் அவர் உங்களையும் என்னையும் போன்ற அப்பாவி. தலை குனிந்து உள்ளங்கையைப் பார்த்தால், அதுவும் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிவிட்டு, உதட்டைப் பிதுக்கி, யாரும் கேட்காமலேயே "ம்ம்... நாப்பது" என்று அறிவித்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான். "நாப்பது என்னங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டு, பேருந்தைத் தவறவிட்டு, அடுத்த பேருந்தையும் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று என் குடும்பத்திலேயே இருக்கிறது என்பதைப் பெருமையோடும் பெருமூச்சோடும் தெரிவித்துக்கொள்கிறேன். என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்பேன்; அவர் என்னை மாப்பிள்ளை என்பார், 'உனக்கு இன்னும் விவரம் போதாது' என்கிற தொனியில். இயந்திர உதிரிப்பாகங்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெரிய கிடங்குக்கு அவர் மேலாளர். அந்தக் கிடங்குக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே குழல்விளக்கு வெளிச்சம்தான். மழையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று ஆகிவிட்ட மனிதருக்குத்தானே மழையைப் பற்றி இவ்வளவு பேச நேரம் இருக்கும்?

காலையில் கண் விழித்ததும் அவர் ஜன்னல் திரையை விலக்க மாட்டார். தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுப்பார். அப்படி ஒரு காலையில் நானும் அங்கே இருந்தேன். வெளியே மழை பிளந்து கட்டுகிறது. அவருடைய மனைவி மொட்டை மாடியிலிருந்து, காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வருகிறார்.

"என்னங்க, மழை!"

"இல்லம்மா. பத்துதான் போட்டிருக்கான்."

"அந்தப் பத்துதான் என் தலையில கொட்டுது. வந்து இந்தப் போர்வையைப் பிடிங்க."

"பத்துக்கு ரொம்ப நேரம் பெய்யாது. இப்ப நின்னுடும் பாரு."

அது மதியம் வரை பெய்தது. அவருடைய நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. 'போட்டிருக்கான்' என்றாரே, அந்த 'அவன்' யார் என்று கவனித்தீர்களா? அது அவருக்கும் தெரியாது. எங்கோ ஓர் அலுவலகத்தில், மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, இவர் ஒருவருக்காகவே ஓர் ஆள் உட்கார்ந்து எண் போட்டுக்கொண்டிருப்பதாக நினைப்பு. அந்த ஆளோடு இவருக்கு எப்போதும் ஒரு பேரம் உண்டு. "அறுபதுன்னு போட்டிருக்கான். அவன் எப்பவும் பயமுறுத்துறதுக்குன்னு இருபது சேர்த்துதான் போடுவான். நீ நாப்பதுன்னு வெச்சுக்க." நாற்பதாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வராது. ஏனென்றால் ஐம்பதுக்குக் கீழே எதுவும் வராது. ஐம்பதுக்கு மேலே எதுவும் வந்தே தீரும். நாற்பத்தொன்பதில் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், ஐம்பத்தொன்றில் படகு வாங்கலாம். சரியாக ஐம்பது என்றால்? "அவனுக்கே தெரியலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, ஓர் அரைச் சிரிப்பு சிரிப்பார். அந்த ஆள் கையில் கிடைத்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார் என்று தோன்றும்.

இதெல்லாம் எல்லாச் சதவீதஸ்தர்களுக்கும் பொது. மச்சானுக்கே உரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கிடங்கில் பழகிய கை அல்லவா? நேற்று மாலை அலமாரியில் மிச்சம் இருந்த சரக்குதான் இன்று காலையின் தொடக்க இருப்பு. வானத்தையும் அவர் அப்படியே ஒரு கிடங்காக ஆக்கிவிட்டார்.

"நேத்து எழுபது போட்டான். பெஞ்சுதா? பெய்யல. அப்ப அந்த எழுபது எங்க போயிருக்கும்? மேலதான் இருப்புல இருக்கு. இன்னிக்கு இருபது வரவு. ஆக மொத்தம் எவ்வளவு மாப்பிள்ளை?"

"தொண்ணூறு" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை. நேற்றே பெய்துவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். "நேத்தே மொத்தமும் இறங்கிடுச்சு. இருப்பு காலி. இன்னிக்கு என்ன போட்டாலும் அது சும்மா பேருக்குப் போட்டது." மழை விடாமல் ஒரு வாரம் பெய்கிற காலத்தில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். அது வெளியிலிருந்து வருகிற சரக்காம்.

ஒரு நாள் ஏதோ சாவி கொடுப்பதற்காக அவருடைய கிடங்குக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முப்பது சதவீதம் என்றால் என்ன என்று ஒரு பெரிய விவாதம். ஊரில் முப்பது பங்கு இடத்தில் பெய்யும், மீதி இடம் காயும் என்றார் கணக்கர். அதெல்லாம் இல்லை, நாள் முழுக்கப் பெய்யாமல் நாளில் முப்பது பங்கு நேரம்தான் பெய்யும் என்றார் லாரி ஓட்டுநர். முப்பது என்றால் சன்னமாகத் தூறும், தொண்ணூறு என்றால் வெள்ளம், இதுகூடவா தெரியாது என்றார் வரவேற்பு மேசைப் பெண். மூன்று பேரும் கடைசியில் மச்சானைப் பார்த்தார்கள். அவர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, தீர்ப்புச் சொன்னார்: "முப்பதுன்னா வராது." மூன்று பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

அந்த எண்ணின் பொருள் உண்மையில் ரொம்பச் சாதாரணமானது. சாதாரணமாக இருப்பதால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. இன்றைக்கு இருப்பது போன்ற காற்றும் மேகமும் பத்து நாள் வாய்த்தால், அதில் ஏறக்குறைய மூன்று நாள் நாம் நிற்கிற இடத்தில் மழை விழும். ஏழு நாள் விழாது. அவ்வளவுதான். எவ்வளவு விழும், எவ்வளவு நேரம் விழும் என்பதற்கு அந்த எண் பொறுப்பில்லை. இன்றைய நாள் அந்த மூன்றில் ஒன்றா, ஏழில் ஒன்றா என்பது சொல்கிறவருக்கும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காமல், எந்த அளவுக்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார், பாவம். அவரைப் போய், ஒன்று தீர்க்கதரிசி ஆக்குகிறோம், இல்லையென்றால் "இவனுங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்கிறோம்.

ஆனால் சதவீதஸ்தருக்குக் கணக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அவருக்கு அதைவிட நுட்பமான ஒன்று தெரியும். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். எண் அதற்குப் பிறகுதான் வரும்.

நாங்கள் புதிதாக வீடு கட்ட ஆரம்பித்த சமயம், சிமெண்ட் மூட்டைகளை இறக்கி உள்ளே அடுக்க ஓர் ஆள் கூட இருந்தால் நன்றாக இருக்குமே என்று மச்சானைக் கூப்பிட்டோம். "முப்பதுன்னு போட்டிருக்கானே, மாப்பிள்ளை. நனைஞ்சா எனக்கு உடனே சளி பிடிச்சுக்கும். இன்னொரு நாள் பார்ப்போம்" என்றார். அடுத்த வாரமே அவருடைய நண்பர்கள் ஏரிக்கரைக்குத் தூண்டில் போடக் கிளம்பினார்கள். அன்றைக்கும் முப்பதுதான். "முப்பதெல்லாம் ஒரு மழையா?" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரே முப்பதுதான், மூட்டை என்றால் பெருக்கெடுத்து ஓடும்; மீன் என்றால் வற்றிப்போகும்.

நடந்து முடிந்த பிறகு அவர் எப்படிப் பேசுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் இந்த இனத்தின் உச்சம். எழுபது போட்டு மழை வராவிட்டால், "மிச்சம் முப்பது இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல?" முப்பது போட்டு வந்துவிட்டால், "முப்பது இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல?" நியாயம்தானே, எப்போது சொல்லவில்லை? இவருக்கென்று ஒரு குடை கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் வருகிறவருடைய குடைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, குடைக்காரரின் வலது தோள் தொப்பலாக நனைந்துகொண்டிருக்க, இந்த மழை ஏன் கணக்குப்படி வந்திருக்கவே கூடாது என்று விளக்கிக்கொண்டே நடப்பார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். கூரை விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் குடியிருந்தது, புது வீடு எழும்பிக்கொண்டிருந்த அதே தெருவில் ஒரு வாடகை வீட்டு மாடி. வீட்டுக்கார அம்மாவின் மகள் குழந்தைகளோடு வந்து தங்கப் போகிறாள் என்று, பள்ளி விடுமுறை முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றுவிட்டது, தளம்தான் பாக்கி. பலகை அடித்து, கம்பி கட்டி, மின்குழாயெல்லாம் பதித்து, ஒரு சனிக்கிழமை கான்கிரீட் போடுவதென்று முடிவாயிற்று. அன்றைக்குப் போட்டுவிட்டால், அது இறுகி, பலகையைப் பிரித்து, உள்வேலையை அடித்துப் பிடித்து முடித்து, விடுமுறைக்குள் குடிபோகலாம். தவறினால் போவதற்கு இடமில்லை. என் மனைவி ஒரு மாதமாக அந்தத் தளத்தைப் பற்றித்தான் கனவு கண்டுகொண்டிருந்தாள். தூக்கத்தில் "ஜல்லி வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. சனிக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. கலவை இயந்திரம் வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், மேஸ்திரி வந்துவிட்டார். வாசல் பக்கத்தில் பெரிய தார்ப்பாய்கள் சுருட்டிக் கிடந்தன. மச்சானும் வந்துவிட்டார், அவருக்கு ஓய்வு அன்று ஒரு நாள்தான், தங்கை வீட்டுத் தளத்தைத் தான் நின்று மேற்பார்வை பார்த்துப் போட்டதாக இருக்க வேண்டும் என்று ஆசை. சலவைச் சட்டை போட்டிருந்தார்.

மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், ஆனால் சொந்தமாக ஒரு முடிவு எடுத்ததாக அவர்மீது யாரும் குற்றம் சாட்ட முடியாது. "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பதில். அவருடைய கைப்பேசி மணி அடித்தது. பேசிவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேலை நடக்குது. அங்கயும் இன்னிக்குத்தான் தளம். அந்த வீட்டுக்காரர் அஞ்சு சதவீதத்துக்கே நடுங்குறவரு. தார்ப்பாய் வேணும்னு ஒரே பிடிவாதம். அனுப்பிடவா, இங்க வெச்சுக்கவா? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "முப்பது போட்டிருக்கு. வந்தாலும் வரலாம். பாய் இங்கயே இருக்கட்டுமே."

"வந்தாலும் வரலாம்னா? வருமா, வராதா?"

"அதைச் சொல்ல முடியாது. பாய் இருந்து மழை வரலைன்னா நமக்கு ஒண்ணும் குறையப் போறதில்ல. பாய் இல்லாம வந்துட்டா தளம் போச்சு. இதுல சதவீதத்தையே பார்க்க வேண்டாம்."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க? ஒண்ணைத் தெளிவாச் சொல்லத் தெரியுதா உங்களுக்கு?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே?"

மச்சான் கைப்பேசியை எடுத்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"நேத்து சாயங்காலம் என்ன கொட்டு கொட்டுச்சு? மொத்த இருப்பும் இறங்கிடுச்சும்மா. மேல ஒண்ணும் கிடையாது. முப்பதுங்கிறது பேருக்குப் போட்டது. வராது."

"அனுப்பிடுங்க மேஸ்திரி" என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. தார்ப்பாய்கள் வண்டியேறிப் போயின. முந்தின நாள் பெய்ததால் இன்று பெய்யாது என்று எந்த மேகமும் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை, பார்க்கப்போனால் மழை பிடித்த காலத்தில் நேற்று பெய்த இடத்தில்தான் இன்றும் பெய்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

சமையலறைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆட்கள் வரிசையாக ஏணியில் நின்று கைக்குக் கை சட்டிகளை ஏற்றினார்கள். மேலே ஒருவர் கொட்ட, ஒருவர் பரப்ப, ஒருவர் மட்டம் பார்க்க, அந்தச் சாம்பல் நிறம் கம்பிகளை மூடிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்கே கண் நிறைந்தது. நடுவில் நின்றுகொண்டு மச்சான், "அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு, இந்தப் பக்கம் கொஞ்சம் தட்டு" என்று, அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறை முடிந்தது. கூடம் முடிந்தது. படுக்கையறைப் பக்கம் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது, என் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"மச்சான்..."

"அது மழை இல்ல மாப்பிள்ளை. தூறல். தூறல் கணக்குல வராது."

கணக்கில் வராதது கண்ணெதிரே வந்தது. முதலில் தெருக்கோடியில் தகரக் கூரைகளின்மேல் அந்தச் சத்தம், அப்புறம் எதிர்வீட்டு மாடியில், அப்புறம் எங்கள் தலையில். மேஸ்திரி "மூடு, மூடு!" என்று கத்தினார். எதைக் கொண்டு மூடுவது? என் மனைவி ஓடினாள். வாடகை வீட்டிலிருந்து போர்வை, ஜன்னல் திரை, சாப்பாட்டு மேசை விரிப்பு, என் மழைச்சட்டை, எதையும் விடாமல் அள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை மூடியிருந்த உறையை உருவிக்கொண்டு ஏணியேறினார். தெருமுனைப் பல் வைத்தியரின் விளம்பரத் தட்டியை நானும் இன்னொரு ஆளும் கழற்றித் தூக்கி வந்தோம். படுக்கையறையின் மேல் அந்த வைத்தியர் முப்பத்திரண்டு பல்லும் தெரிய மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தார். போர்வைகள் தண்ணீரைக் குடித்துக் கான்கிரீட்டோடு ஒட்டிக்கொண்டன. விரிப்பு காற்றில் பறந்துபோய் மாமரத்தில் மாட்டிக்கொண்டது. சிமெண்ட் பால் கழுவிக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் கீழே அறைக்குள் வெள்ளையாக ஒழுக ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கோபப்படக்கூட அப்போது தோன்றவில்லை.

மச்சான் எங்கே என்று தேடினேன். பக்கத்து வீட்டு அம்மாவின் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். கைப்பேசித் திரையைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை!" என்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "இப்பவும் முப்பதுதான் காட்டுது!"

என் மனைவி தளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, கார் உறையின் மூலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். முகத்தில் வழிந்தது மழையா, அழுகையா என்று நான் கேட்கவில்லை. அழுகைதான், எனக்குத் தெரியும். மச்சானும் அதைப் பார்த்தார். பார்த்தார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குடையிலிருந்து வெளியே வந்து, சலவைச் சட்டையோடு ஏணியேறி, உறையின் இன்னொரு மூலையைப் பிடித்துக்கொண்டார். மழை விடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விட்டதும் பேசினார். அதையும் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

"முப்பது இருக்குன்னு நான் காலையிலேயே சொன்னேன்ல?" என்றார்.

மேஸ்திரி அங்கங்கே கரண்டியால் சுரண்டிப் பார்த்தார். சமையலறையும் கூடமும் தப்பித்துவிட்டன. படுக்கையறைப் பக்கம் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. "இந்தப் பக்கம் உடைச்சு எடுத்துட்டு, உத்தரத்திலேருந்து புதுசாப் போடணும். மறுபடி பலகை, மறுபடி கம்பி. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றார். ஊருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதையும், தார்ப்பாய்கள் சுருட்டியபடியே அங்கே கிடக்கின்றன என்பதையும் அவரே சொன்னார்.

விடுமுறை முடிந்தது. வீட்டுக்கார அம்மாவின் மகள் குழந்தைகளோடு வந்து இறங்கிவிட்டாள். எங்களுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நீங்கள் நினைப்பது சரி. மச்சான் வீட்டுக் கூடத்தில், எங்கள் பாத்திரப் பண்டங்கள் பெட்டிகளில் கட்டியபடி சுவரோரம் அடுக்கியிருக்க, நாங்கள் பாய் விரித்துப் படுத்தோம். தினமும் காலையில் கூடத்தின் விளக்கைப் போட்டு, எங்கள் தலைமாட்டில் நின்று, அவர் அன்றைய எண்ணை அறிவிப்பார். குறை சொல்ல மாட்டேன். அண்ணன் வீட்டில் தங்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் எழுவதற்கு முன்பே வெந்நீர் போட்டு வைத்திருப்பார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. வாயைத் திறந்து கேட்கிற வழி இந்த இனத்துக்குக் கிடையாது.

கடைசியில் படுக்கையறைத் தளத்தை மறுபடி போடும் நாள் வந்தது. முந்தின நாள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, உப்பு இருக்கா என்று கேட்பதுபோல, கேட்டாள்:

"அண்ணே, நாளைக்கு எவ்வளவு காட்டுது?"

நான் அவளையே பார்த்தேன். கார் உறையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த அதே பெண்தான். மச்சான் விரலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "இருபது" என்றார்.

"அப்ப வராதில்ல?"

மச்சான் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் ஒருபோதும் எதிர்பார்க்காத சொல் வந்தது.

"வந்தாலும் வரலாம்மா."

என் மனைவிக்கு வந்ததே கோபம்! "என்னண்ணே, நீயும் இவரை மாதிரியே பேசுற? கேட்டா ஒண்ணு சொல்லணும். இதுக்கு எதுக்கு அந்த ஃபோனு?" என்று தட்டுகளைத் தொட்டியில் தடதடவென்று போட்டாள். அந்தச் சத்தத்தில் மச்சான் ஓர் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாவம், அவருக்கும் வேறு என்ன வழி?

"சரி சரி, வராது" என்றார். அவள் முகம் மலர்ந்தது.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே நான் போய்த் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினேன். ஒரு சொட்டு மழை இல்லை. தளம் ஜம்மென்று அமைந்தது. "பாருங்க, வேலைமெனக்கெட்டு இதைத் தூக்கிட்டு வந்தீங்க. அண்ணன்தான் வராதுன்னு சொல்லிச்சே" என்று என் மனைவி சிரித்தாள். ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். மச்சான் என் தோளில் கை வைத்து, "விடும்மா, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி" என்றார். இப்போது எங்கள் தெருவில் மட்டுமல்லாமல் மேஸ்திரி வேலை பார்க்கும் எல்லாத் தெருக்களிலும் மச்சானின் சொல்லுக்குத் தனி மரியாதை. தளம் போடுகிறவர்கள் அவருக்குத்தான் முதலில் ஃபோன் செய்கிறார்கள்.

இவ்வளவு தூரம் என் மச்சானைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அந்தச் சனிக்கிழமைக்கு முப்பது என்று நான் எழுதினேனே, தார்ப்பாய்கள் வண்டியேறின இடத்திலேயே, "சரிதான், இன்றைக்குக் கட்டாயம் கொட்டப் போகிறது" என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? கொட்டியதும், "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரு சின்னத் திருப்தி வேறு வந்தது. அதே முப்பதை வைத்துக்கொண்டு என் மச்சான் 'வராது' என்றார். நீங்கள் 'வந்தே தீரும்' என்றீர்கள். பத்தில் ஏழு நாள் அவர் பக்கம். உங்கள் பக்கம் மூன்றே நாள்.

உங்களுக்குத் தங்கை யாராவது இருந்து, அவள் வீடு கட்டிக்கொண்டிருந்தால், இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள். தளம் போடும் நாளில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும், உங்களை மட்டும் கேட்க வேண்டாம்.